ஏழரை மணி ஜப்தி

ஜூன் 3, திங்கள்

இன்று மாலை ஏழரை மணிக்கு, என் வீட்டுக் கூடத்தில் வைத்தே என்னை ஒருவன் ஏமாற்றினான். யார் என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் பெயரை இங்கே எழுதுவேன்.

ஏழு இருபத்தைந்துக்கு என் மனைவி கோமு வழக்கம்போல் டிவியைப் போட்டு, 'மூன்றாம் வீட்டு மருமகள்' வருகிற சேனலை வைத்துவிட்டு, பூக்கூடையை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மிக்சி விளம்பரத்தின் நடுவில் படம் நின்றது. திரை நீலமாகி, 'இந்தச் சேனல் தற்போது உங்கள் தொகுப்பில் இல்லை' என்று எழுத்து வந்தது. ரிமோட்டைத் தட்டினேன். பேட்டரியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டேன். சமையல் வருகிறது, ராசிபலன் வருகிறது, இந்தத் தெருவில் ஒருவருக்கும் புரியாத இந்திப் பாட்டு வருகிறது. இது மட்டும் வரவில்லை.

அந்தத் தொடரை நான் பார்ப்பதில்லை. கோமுதான் பார்ப்பாள். ஆனால் அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கோவில் வந்துவிடும். திரும்பி வந்து கதை கேட்டால் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்று உட்கார்ந்திருப்பேன். பல நாள் அவள் கேட்பதும் இல்லை.

சனிக்கிழமை ராஜேஸ்வரியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார்கள். அவள்தான் கதையில் நாத்தனார், ஊரே திட்டுகிற வில்லி. நெற்றியில் ரத்தம், கண் பாதி திறந்திருக்கிறது, அதோடு நிறுத்திவிட்டார்கள். பிழைத்தாளா இல்லையா என்பது இன்று தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

சேர்மக்கனி கடைக்குப் போனேன். எங்கள் பகுதிக்குக் கேபிள் கொடுப்பவன் அவன்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரீசார்ஜும் சேர்த்துக் கடை வைத்திருக்கிறான். நாற்பத்தைந்து வயது. என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். இன்றும் நின்றான்.

"சேனல்காரன் ரேட்டக் கூட்டிட்டான் அண்ணாச்சி. நமக்கு சிக்னல் தார கேபிள் கம்பெனி, தர முடியாதுன்னுட்டு. ஒப்பந்தம் ஒண்ணாந்தேதியோட முடிஞ்சு போச்சு. ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போயிருக்காவ."

"எத்தனை நாள் ஆகும்?"

"கோர்ட்டுன்னா உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி."

இந்தப் பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. முன்சீப் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் அமீனாவாக இருந்தவன் நான். சம்மனுக்குப் பயந்து கொல்லைப்புறமாக ஓடியவனை மடக்கிக் கையில் திணித்திருக்கிறேன். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வருவேன். கட்டில், பீரோ, கறவை மாடு என்று ஜப்தி செய்யாத பொருள் இல்லை. என்னிடமே கோர்ட்டைப் பற்றிச் சொல்லிக் காட்டுகிறான்.

"நான் வெறும் வயர் இழுக்கவன் அண்ணாச்சி. எனக்கு அவங்க ரெண்டு பேருமே முதலாளிதான்" என்றான்.

முதல் பெயர் கிடைத்துவிட்டது. சேர்மக்கனி.

ஜூன் 5, புதன்

இன்றும் இல்லை. கத்தரிக்காய் கசந்தது.

ஜூன் 6, வியாழன்

சேனல்காரன் பேப்பரில் அரைப்பக்கம் விளம்பரம் கொடுத்திருக்கிறான். 'உங்கள் உரிமையைக் கேளுங்கள். உடனே உங்கள் கேபிள்காரரை அழையுங்கள்.' கேபிள் கம்பெனி திரைக்கு அடியில் ஓட விடுகிறது. 'சேனலின் பேராசையை எதிர்த்து நிற்கிறோம். ஒத்துழைக்கும் நேயர்களுக்கு நன்றி.' எவன் ஒத்துழைத்தான்? என்னிடம் யார் கேட்டார்கள்? ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்களாம், கிழிவது என் சட்டையாம்.

சேனல்காரன் கொடுத்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பதினைந்து நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்து, "உங்கள் கேபிள் நிறுவனத்தை வலியுறுத்துங்கள் சார்" என்றாள். கேபிள் நிறுவனத்துக்குக் கூப்பிட்டேன். சேனலை வலியுறுத்தச் சொன்னார்கள்.

மளிகைக்கடை பால்வண்ணத்துக்கு ஞாயிற்றுக்கிழமைப் பட்டிமன்றம் போய்விட்டதாம். எதிர்வீட்டு ரெஜினா டீச்சருக்குப் பழைய படப் பாட்டு போய்விட்டதாம். "என்ன செய்ய அண்ணாச்சி, வரும்போது வரட்டும்" என்கிறார்கள். மானமில்லாத தெரு.

ஜூன் 8, சனி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கோமு என் பழைய வேட்டி நான்கை வெந்நீரில் அலசிக் காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்தாள். அடுப்படியில் கைப்பிடித் துணிக்கு என்றாள். கைப்பிடிக்கு எதற்கு இத்தனை மெதுவான துணி என்று கேட்டேன். காதில் வாங்கவில்லை.

"இதுக்குப் போய் இப்படிப் பல்லக் கடிச்சிட்டு நிக்கீய. ஒரு டிஷ் வச்சாப் போச்சு" என்றாள்.

வைக்கலாம். வைத்தால் சேர்மக்கனி ஜெயித்தான் என்று ஆகிவிடும். அவனுக்கு மேலே இருக்கிற ரெண்டு கம்பெனியும் ஜெயித்தார்கள் என்று ஆகிவிடும். முடியாது.

கோமுவுக்கு அந்தத் தொடர் இல்லாதது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஏழு இருபத்தைந்துக்குப் பூக்கூடையோடு கிளம்புகிறாள், எட்டரைக்குச் சிரித்த முகமாக வருகிறாள். சாமி அவளுக்கு மட்டும் என்னதான் கொடுக்கிறதோ.

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். ராஜேஸ்வரியாக நடிப்பவள் என் மகள் பிரமநாயகி. பிரமு. என் அம்மாவின் பெயர் அது. ஆறு வருஷத்துக்கு முன் ஹெட்கிளார்க் மகனுக்கு நிச்சயம் செய்து, பத்திரிகையும் அச்சடித்த பிறகு, நடிக்கப் போகிறேன் என்று மெட்ராசுக்குப் பஸ் ஏறினாள். மறுநாள் காலையில் கிணற்றடியில் நின்று, தெருவே பார்க்க, அவளைத் தலை முழுகினேன். அங்கே யாரோ ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பத்திரிகை பதிவுத் தபாலில் வந்தது. 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பி அனுப்ப வைத்தேன். அதற்குப் பிறகு அவள் பெயரை என் காதுபட இந்தத் தெருவில் யாரும் எடுத்ததில்லை. எடுக்க விட்டதும் இல்லை.

நாலு வருஷமாக அவள் ராஜேஸ்வரியாக வருகிறாள். படியில் உருண்டபோது தள்ளிவிட்டவளைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள், எழுந்து வந்தால் உன்னை விடமாட்டேன் என்று. அது எங்கள் வீட்டுப் பார்வை. எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர முடியாது. ஆனால் ரெண்டு மாதமாக அவளைக் கழுத்துக்குக் கீழே காட்டுவதே இல்லை. சோபாவுக்குப் பின்னால் நிற்க வைக்கிறார்கள், மடியில் தலையணையைக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். கேமராக்காரனுக்கு என்ன சோம்பலோ. கன்னமும் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது.

ராஜேஸ்வரி செத்துவிட்டால் அவள் வேலை அதோடு முடிந்தது. டிவியிலும் இருக்க மாட்டாள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. கோமுவுக்குத்தான் வருத்தமாக இருக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

வக்கீல் மாசிலாமணியைப் பார்த்தேன். அவன் கறுப்புக் கோட்டு புதிதாக இருந்த காலத்திலிருந்து அவனுக்கு என்னைத் தெரியும். நுகர்வோர் மன்றத்தில் சேனல், கேபிள் கம்பெனி, சேர்மக்கனி மூன்று பேரையும் எதிர்மனுதாரராகப் போடச் சொன்னேன். ஏழு பாரா நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன். படித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு என்ன பாதிப்புன்னு ஒரு பாரா வேணும்லா?" என்றான்.

"மன உளைச்சல்னு போடு."

"எதனால மன உளைச்சல்? ஒரு சீரியலப் பாக்க முடியலன்னா மன்றத்துல சிரிப்பாவ. காரணத்த எழுதணும்."

"வீட்டம்மா பாக்கா."

"அப்போ மனு அவங்க பேர்ல போடணும். அவங்கள வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

கோமு கையெழுத்துப் போடமாட்டாள். கேட்டுப் பார்த்தேன். "எனக்கு ஒரு பாதிப்பும் இல்ல" என்று அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள். மனுவைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எட்டாவது பாரா காலியாக இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

ஆயுதம் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. பத்து நாளாக எனக்கு இது தோன்றவில்லையே என்று என்மேலேயே கோபம்.

எங்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சேர்மக்கனியின் இரும்புப் பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. மூன்று தெருவுக்கும் கேபிள் அங்கிருந்துதான் பிரிந்து போகிறது. பெட்டி ஓடுவது எங்கள் வீட்டுக் கரண்டில். அதற்குப் பதிலாக எனக்கு இணைப்பு இலவசம். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். பெட்டிக்குள் ஒரு பேட்டரி உண்டு, அது செத்து ரெண்டு வருஷம் ஆகிறது. மாற்றச் சொல்லி நான்தான் அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நல்லவேளை, அவன் கேட்கவில்லை.

சரியாக ஏழரைக்கு மாடிக்குப் போய் சுவிட்சை அணைத்தேன். பெட்டிக்குள் மினுக்கிய பச்சை விளக்குகள் எல்லாம் செத்தன. தெருவில் ஒவ்வொரு வீடாகச் சத்தம் நின்றது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். இத்தனை சந்தோஷமாக இருந்து எத்தனையோ நாள் ஆயிற்று. எட்டரைக்குத் திரும்பப் போட்டேன்.

எனக்கு இல்லாத நேரம் எவனுக்கும் வேண்டாம். மூன்று தெருவும் சேர்மக்கனியைப் பிடித்து உலுக்கட்டும், அவன் கம்பெனியை உலுக்கட்டும், கம்பெனி சேனலிடம் போய் விழட்டும். நோட்டின் ஓரத்தில், 'ஜப்தி செய்யப்பட்டது, 7.30' என்று எழுதிவைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

ஜப்தி. 7.30 முதல் 8.30 வரை.

கோமு இன்று கோவிலிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். முகம் சுண்டியிருந்தது. கூட்டமா என்று கேட்டேன். பூக்கூடையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஜூன் 15, சனி

ஜப்தி. சேர்மக்கனி ஏணியோடு வந்தான். அவன் வந்தது ஒன்பது மணிக்கு. பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு போனான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ரெஜினா டீச்சர் வாசலில் நின்று அவனிடம், "டிவி போனா போகுது, நெட்டும்லா சேர்ந்து போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் இந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறதாம். எனக்குத் தெரியாது. நல்லது, இன்னும் நாலு பேர் கூடச் சேர்ந்து கத்துவார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

சேர்மக்கனி கண்டுபிடித்துவிட்டான். மாலை ஐந்து மணிக்கு வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தான்.

"பதினோரு வீட்டுல இணைப்பு வேண்டாம்னுட்டாவ அண்ணாச்சி. பெட்டிய வேற வீட்டுக்கு மாத்தணும்னா மறுபடி வயர் இழுக்கணும், பத்துப் பதினஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள மிச்ச வீடும் போயிரும்."

"போகட்டும். உன் கம்பெனிட்ட சொல்லு."

"கம்பெனிக்காரன் மெட்ராஸ்ல ஏசில இருக்கான். நீங்க அணைச்சது அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரியிறது எனக்கு மட்டுந்தான்."

"அப்போ உனக்காவது தெரியட்டும்."

கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தான். கோமு அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீய. பிரமுவப் பாக்கணும்னா எங்க வீட்டுக்கு வாங்க. என் போன்ல அந்த சீரியலப் போட்டுத் தாரேன். யாருக்கும் தெரியாது. பின்பக்கமா வாங்க."

ஆறு வருஷம் கழித்து என் வீட்டுக்குள் அந்தப் பெயரை ஒருத்தன் சொன்னான். அதுவும் இவன். அதுவும் இரக்கப்பட்டு. பின்பக்கமாக வர வேண்டுமாம். ஆயிரம் வீட்டில் முன்வாசல் வழியாகப் போய்ப் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தவன், கேபிள்காரன் வீட்டுக் கொல்லை வழியாகப் போய்த் திருட்டுத்தனமாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வெளிய போலே" என்றேன்.

போய்விட்டான். இன்று முதல் ஜப்தி ரெண்டு மணி நேரம். 7.30 முதல் 9.30 வரை.

ஜூன் 20, வியாழன்

கோமு சாயங்காலம் பூண்டு உரித்து, சுக்கு இடித்து, கருப்பட்டிப் பாகில் லேகியம் கிண்டினாள். வாய்வுக்கு என்றாள். ரெண்டு பெரிய பாட்டில். இந்த லேகியத்தைத் தின்றால் யானைக்கே வாய்வு போய்விடும்.

ஏழரைக்குக் கிளம்பிப் போனவள் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். மூன்று தடவை முகம் கழுவினாள். மாடியிலிருந்து இறங்கி வந்த என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை.

ஜூன் 22, சனி

தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வந்தார்கள். பால்வண்ணம்தான் பேசினார்.

"அவனுவ உங்க ஒரு சேனலப் புடுங்குனானுவ. நீங்க எங்க எல்லாத்தையும் புடுங்குதீய. உங்களுக்கும் அவனுவளுக்கும் என்ன வித்தியாசம்?"

"அவனுவ காசுக்குச் செய்தானுவ. நான் நியாயத்துக்குச் செய்யுதேன்" என்றேன்.

"எங்களுக்கு இருட்டு இருட்டுதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி அந்தக் கடையில் சாமான் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். பெயர்ப் பட்டியலில் பால்வண்ணத்தையும் சேர்த்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

ரெஜினா டீச்சர் தனியாக வந்தார். ரிட்டயர் ஆகியும் பள்ளிக்கூடத்தில் நிற்பது போல் நிமிர்ந்து நிற்பவர். இன்று கொஞ்சம் தயங்கினார்.

"ஒரு பத்து நிமிஷம் மட்டும் போடுங்க அண்ணாச்சி. ஏழே முக்காலுலேர்ந்து ஏழு அம்பத்தஞ்சு வர. அதுக்கப்புறம் நீங்க விடிய விடிய அணைச்சு வையுங்க. நான் கேக்கல."

"பத்து நிமிஷத்துல அப்படி என்ன பாக்கப் போறீய?"

அவர் கோமுவைப் பார்த்தார். கோமு கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்டு எது இலை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் ஒரு ஆளக் காட்டணும்னு காத்துட்டு இருக்காவ. வீட்டுக்குள்ள எனக்கு டவர் எடுக்கல" என்றார்.

"வேற நேரத்துல காட்டச் சொல்லுங்க."

"வேற நேரத்துல பாக்கவங்களால வர முடியாது."

யார் யாரைக் காட்டினால் எனக்கு என்ன? ஒருத்தருக்காக விட்டால் நாளைக்கு ஒவ்வொருத்தராக வந்து நிற்பார்கள். ஜப்தியில் தயவு காட்டினால் அது ஜப்தி இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். டீச்சர் போன பிறகு கோமு கீரையை முறத்தோடு கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள்.

ஜூன் 27, வியாழன்

ஜெயித்தேன் என்று எழுதத்தான் மத்தியானம் இந்த நோட்டை எடுத்துவைத்தேன். சேர்மக்கனி போன் செய்திருந்தான். சேனலும் கேபிள் கம்பெனியும் பேசி முடித்துக் கைகுலுக்கிவிட்டார்களாம். இன்று முதல் வருகிறதாம். என்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியை அணைக்கவில்லை. ஏழு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். 'காத்திருந்த அன்பு உள்ளங்களுக்கு நன்றி' என்று சேனல்காரன் ஓடவிட்டான். காத்திருந்தேனாம்.

ஏழரைக்குத் தொடர் வந்தது. ராஜேஸ்வரி சாகவில்லை. மூன்று வாரமாக முகம் முழுக்கக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். இன்று கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கப் பிரிக்க, கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். கடைசிச் சுற்று விழுந்தது. உள்ளே வேறு ஒரு பெண். திரையின் அடியில் சின்ன எழுத்தில் வந்தது. 'ராஜேஸ்வரியாக இனி இவருக்குப் பதில் இவர்.'

அந்தப் பெண் விழித்துப் பார்த்தாள். பசு மாட்டுப் பார்வை.

டிவியை அணைத்துவிட்டு அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கோமு வரும்போது மணி ஒன்பது இருக்கும். இத்தனை நேரம் அவள் ஒருநாளும் வெளியே இருந்ததில்லை. முகம் அழுதும் சிரித்தும் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"ஆள மாத்திட்டானுவ. அவள எடுத்துட்டானுவ. நாளைக்கே அந்தச் சேனல்காரன..." என்று ஆரம்பித்தேன்.

"அவள யாரும் எடுக்கல. அவளாத்தான் நின்னுட்டா. பிள்ளை பிறந்திருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோமு உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

"நாலு வருஷமா நான் ஏழரைக்குக் கோவிலுக்கா போனேன்? டீச்சர் வீட்டுக்குப் போனேன். நீங்க டிவி முன்னால உக்காந்துட்டா எந்திரிக்க மாட்டீயன்னு தெரியும். அதான் நானே போட்டு வச்சுட்டுப் போவேன். நீங்க இங்க அவ வேஷத்தப் பாத்துட்டு இருந்தீய. நான் அங்க கம்ப்யூட்டர்ல அவளயே பாத்துட்டு இருந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? டீச்சர் வீட்டுக் கதவுலயும் நோட்டீஸ் ஒட்டியிருப்பீய." பூக்கூடையை ஆணியில் மாட்டினாள். பூ அப்படியே இருந்தது. "போன வியாழக்கிழமை பிறந்துச்சு. அன்னைலேர்ந்து ஏழரைக்கு ஏழரைக்கு அவ பிள்ளையத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கா, எங்கிட்டக் காட்டணும்னு. நீங்க மாடில சுவிட்சப் பிடிச்சிட்டு நின்னீய. டீச்சரே வந்து கேட்டாவ. பத்து நிமிஷம்தான் கேட்டாவ. ஒரு வாரமா போட்டோவப் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் அது கொட்டாவி விடுறதப் பாத்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வந்தது இதுதான்.

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

கோமு என்னைப் பார்த்தாள். பிரமுவுக்கு அந்தப் பார்வை என்னிடமிருந்து வந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அவகிட்டயே கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 28, வெள்ளி

கோமு சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாள். கிழித்த வேட்டித் துணியும் ரெண்டு பாட்டில் லேகியமும்தான் பையில் பாதி. சேர்மக்கனி கூட்டி வந்த ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனாள். நான் கூட வரட்டுமா என்று கேட்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை. வாசலில் இறங்கும்போது, "மாடில சுவிட்சு போட்டே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 29, சனி

சோறு குழைந்துவிட்டது. ரசம் வைக்கத் தெரியவில்லை. பால்வண்ணம் கடைக்குப் போய்த்தான் ஊறுகாய் வாங்க வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மாசிலாமணி போன் செய்தான். சேனல் வந்துவிட்டதே, மனுவை என்ன செய்ய என்றான். போடத்தான் வேண்டும் என்றேன். என்னை இருபத்து நாலு நாள் இருட்டில் வைத்தவர்களை நான் விடப்போவதில்லை. எட்டாவது பாராவை எழுத உட்கார்ந்தேன். 'மேற்படி சேனலில் மனுதாரரின் மகள்' என்று வந்தது. அதற்கு மேல் யார்மேல் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை. அவளை எனக்கு இல்லாமல் செய்தது இருபத்து நாலு நாளா, ஆறு வருஷமா என்று மன்றத்தில் ஒருத்தன் கேட்டால் போதும், என் வழக்கு நிற்காது.

ஏழரைக்கு டிவி போடவில்லை. வாசலில் நின்றேன். எதிரே டீச்சர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. பத்தடி தூரம்கூட இல்லை. போகவில்லை.

ஜூலை 1, திங்கள்

போனேன். முன்வாசல் வழியாகத்தான் போனேன்.

ரெஜினா டீச்சர் ஒன்றும் கேட்காமல் கதவை அகலத் திறந்தார். தையல் மெஷின்மேல் கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு முன்னால் பிரம்பு நாற்காலி, அதன்மேல் கோமுவின் பழைய சேலையில் தைத்த ஒரு மெத்தைத் துண்டு. நாலு வருஷம் அவள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் உட்கார்ந்தேன். டீச்சர் எதையோ தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கோமுவின் முகம் வந்தது. அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்தவள் போல வேர்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாப்பிட்டீயளா என்று கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் கொடியில் என் வேட்டித் துணிகள் சதுரம் சதுரமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"அம்மா, யாரு? டீச்சரா?"

உள்ளேயிருந்து ஒரு குரல். எனக்கு முதலில் யார் என்று தெரியவில்லை. டிவியில் ராஜேஸ்வரிக்குக் குரல் கொடுப்பது வேறு யாரோ என்பது அப்போதுதான் உறைத்தது. நாலு வருஷமாக யாரோ ஒருத்தியின் குரலை என் மகள் குரல் என்று நினைத்துக் கேட்டிருக்கிறேன். இது லேசாகக் கம்மிய குரல். சின்ன வயதில் மழையில் நனைந்துவிட்டு வந்தால் இப்படித்தான் பேசுவாள்.

"உங்க அப்பா" என்றாள் கோமு.

வளையல் சத்தம் நெருங்கி வந்தது.

"டிவில பாத்தா போதும்னுதானம்மா இருந்தாவ. அதுலயே பாக்கட்டும்."

கை ஒன்று வந்து போனை வாங்கியது. வளையல் தெரிந்தது. பிறகு சுவர், காலண்டர், ஜன்னல் எல்லாம் சாய்ந்துகொண்டு போயின. கடைசியில் மேற்கூரை வந்து நின்றது. போனை மல்லாக்க எங்கோ வைத்துவிட்டாள். ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் எனக்குக் காட்டினாள்.

ஆனால் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். பிள்ளை சிணுங்கியது, அழுதது, அவள் ஏதோ முனகினாள், அழுகை நின்றது. பால் குடிக்கிற சத்தம் கேட்டது. நான் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு எனக்கு யாரும் மிச்சமில்லை. சேனல்காரன், கேபிள்காரன், சேர்மக்கனி ஒருத்தரும் இதில் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லிப் பழகியதில்லை, வரவில்லை. தெரிந்த ஒன்றைத்தான் கேட்க முடிந்தது.

"என்ன பிள்ளைம்மா?"

விசிறி சுற்றியது. கோமு பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவளுக்கு அங்கே உத்தரவு போலிருக்கிறது. கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்து எழுந்திருக்கப் போனேன்.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள் பிரமு.

அதற்குப் பிறகுதான் துண்டித்தாள். நாளைக்கு ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.